நாற்சார் வீட்டைப் பிரித்து வேறு வளவில் எழுப்புதல்

வீதி அகலிப்பு, காணி விற்பனை, கடைத்தொகுதி, பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கூரையிட்ட சார்கள் உள்ள வீடுதான் நாற்சார் வீடு. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பழைய வீடு விழ இவற்றில் ஒன்று போதும். விழுந்தால் கதவுகளும் தூண்களும் வளைகளும் பழைய மரம் வாங்குபவரிடம் போகும், கல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும். அப்படிப்பட்ட வீட்டைப் பிரித்து இன்னொரு வளவில் திரும்ப எழுப்பலாம். எது பெயரும், எது பெயராது என்பதை மட்டும் தொடங்கும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கூரைமரம், ஓடு, நிலை, கதவு, யன்னல், மரத்தூண், தூணின் அடிக்கல், படிக்கல், பூப்போட்ட சீமெந்துத் தரைக்கல் ஆகியவை பெயரும். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர் பெயராது. கல்லை மீட்கலாம், சுவரைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். சாந்து பூசிய வட்டத்தூணுக்கும் சிவப்புச் சீமெந்துத் தரைக்கும் இதே கதைதான். மேலைநாடுகளில் பலகை வீட்டை அடியில் இரும்பு வளை கொடுத்து, ஜாக்கி வைத்து முழுதாகத் தூக்கி இழுக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, இங்கும் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கற்சுவருக்கு இழுவை தாங்கும் பலம் கிடையாது. தூக்கத் தொடங்கிய இடத்திலேயே வெடித்து உதிரும்.

ஆகவே பெயர்த்து எழுப்பிய வீட்டில் மரமும் ஓடும் பழையவை, சுவர் புதியது, இரண்டையும் பொருத்தி வைப்பது பழைய வீட்டின் அளவு. அந்த அளவு கடதாசியில் இல்லாவிட்டால் புது வளவில் இறங்குவது வெறும் மரக்குவியல். அதனால்தான் வேலையின் பாதி, முதல் ஓட்டைக் கழற்றுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

பெயர்க்கத்தான் வேண்டுமா?

நிற்கிற இடத்தில் நிற்பதுதான் எப்போதும் முதல் தெரிவு. 1964 வெனிஸ் சாசனத்தின் 7ஆம் உறுப்புரையும், காப்பாற்ற வேறு வழியில்லை என்பது போன்ற கனதியான காரணம் இருந்தாலொழிய நினைவுச்சின்னத்தை இடம் மாற்றக்கூடாது என்கிறது. கூரை ஒழுகுவதும் சுவர் வெடித்திருப்பதும் அப்படியான காரணங்கள் அல்ல. பெயர்க்கும் செலவில் ஒரு பங்கோடு அவற்றை அங்கேயே திருத்திவிடலாம்.

வேறு வழி இல்லையென்றால், இந்த நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய முற்றத்து வீட்டை, காணி கைமாறியபின் துண்டு துண்டாக இலக்கமிட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் திரும்ப எழுப்பினார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு உட்படப் பல வீடுகள் இப்படி வந்து சேர்ந்தவை. போய்ப் பார்ப்பவர்கள் அழகைப் பார்த்துவிட்டு வராமல் மரமும் சுவரும் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். பெயர்த்த வேலையின் தரம் அங்கேதான் தெரியும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உறுதியில் பெயருள்ள எல்லாப் பங்குகாரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். முதுசமும் சீதனமும் கலந்த தேசவழமைக் (யாழ்ப்பாணத்துச் சொத்துரிமை வழமைச் சட்டம்) காணியில் ஒரு வீட்டுக்குப் பல பங்குகள் இருப்பதும், அவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பதும் வழமை. அவர்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் கைக்கு வரும்வரை ஓட்டில் கைவைக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்சின்னமாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடமும் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் எடுங்கள். இடிக்கும் அனுமதியையும் புதுக் கட்டட அனுமதியையும் அந்தந்தப் பிரதேச சபை அல்லது மாநகர சபையில் எடுக்க வேண்டும். மரம் ஏற்றிய லொறியை வழியில் மறிப்பார்கள். பழைய வீட்டு மரம் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்திய பட்டியலும் மரம் கொண்டுசெல்லும் அனுமதியும் சாரதியிடமே இருக்கட்டும்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணியிலுள்ள வீடென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதிப்படுத்தல் இல்லாமல் பற்றை வெட்டக்கூட ஆளை இறக்காதீர்கள்.

அளவெடுப்பு

இரண்டு பேர், 30 மீற்றர் ரேப், தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பிய நீளமான மட்டக்குழாய், திசைகாட்டி. இவை இருந்தால் போதும். லேசர்க் கருவி இருந்தால் நல்லது, ஆனால் வளைந்த வளையையும் சரிந்த சுவரையும் அது தானாகச் சொல்லாது.

ஒவ்வொரு சுவரையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடர் அளவாக எடுங்கள். யன்னலுக்கு யன்னல் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு அளவிலும் கால் அங்குலம் பிசகி, சுவர் முடியும்போது இரண்டு அங்குலம் காணாமற் போகும். அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய வீட்டில் மூலைமட்டம் சரியாக இருக்கும் அறை அபூர்வம். புது அத்திவாரத்தைச் சுத்தமான செங்கோணத்தில் போட்டுவிட்டால், சரிவுக்கேற்ப வெட்டிய பழைய கைமரங்கள் (முகட்டிலிருந்து தாழ்வாரத்துக்கு இறங்கும் சாய்ந்த மரங்கள்) ஒரு மூலையில் நீளும், மற்ற மூலையில் எட்டாது. கோணலையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். மேசன்மார் இதைத் திருத்திவிடத் துடிப்பார்கள். விடாதீர்கள்.

தரைப்படம் 1:50, கதவு யன்னல் 1:10, தூண் தலைப்பும் பொருத்துகளும் 1:5 அளவில் வரையப்பட வேண்டும். கூரையின் சாய்வைப் பாகையில் எழுதுவதைவிட, எத்தனை அடி ஓட்டத்துக்கு எத்தனை அடி ஏற்றம் என்று எழுதுங்கள். தச்சருக்கு அதுதான் கைக்கு உதவும். முற்றத்துத் தளம், விறாந்தைத் தளம், அறைத் தளம், வெளிநிலம் ஆகிய நான்கின் மட்ட வேறுபாட்டையும் குழாயால் எடுத்துவிடுங்கள். வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத் திசைகாட்டியால் குறித்து, புது வளவிலும் அதே திசைக்கு வையுங்கள். நிலையம் (மனை சாத்திரம்) பார்ப்பவருக்காக மட்டும் சொல்லவில்லை. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். தாழ்வாரம் எங்கே நீண்டிருக்கிறது, யன்னல் எங்கே குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்காகவே. வீட்டை 90 பாகை திருப்பினால் திண்ணை நனையும்.

பெயராதவற்றுக்கு அச்சு எடுக்க வேண்டும். வட்டத்தூணின் அடி, தலைப்பு, சுவரின் மேல்விளிம்பு வரி ஆகியவற்றை ஒரு இடத்தில் வாளால் அறுத்து, வெட்டுமுகத்தைத் தகரத்தில் பதித்து வெட்டி வையுங்கள். அந்தத் தகரமே பின்னர் சாந்து இழுக்கும் அச்சாகும். வர்ணப் படைகளையும் கதவின் ஒரு மறைவான இடத்தில் தீக்குச்சிப் பெட்டி அளவுக்குப் படிப்படியாகச் சுரண்டி, ஒவ்வொரு படையும் தெரியப் படம் எடுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். தீயால் கருக்குவதும் உலர்வாக உரஞ்சுவதும் கூடாது.

வரைபடம், படம், பதிவேடு எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகம் ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இலக்கமிடல்

நாற்சார் வீட்டின் ஒவ்வொரு சாருக்கும் வெளிச்சாய்வு ஒன்று, முற்றத்தைப் பார்த்த உட்சாய்வு ஒன்று. ஆகவே இலக்கத்தில் நான்கு விடயம் வேண்டும்: சார், சாய்வு, உறுப்பு, எண். கி-உ-கை-7 என்றால் கிழக்குச் சார், உட்சாய்வு, கைமரம், ஏழாவது. எண்ணுவது எப்போதும் வடக்கிலிருந்து தெற்குக்கு, மேற்கிலிருந்து கிழக்குக்கு. ஒருவர் மட்டும் எழுதட்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமாகத் தொடங்கினால் இரண்டு ஏழாம் கைமரம் வந்துசேரும்.

வெண்கட்டி முதல் தூறலிலேயே போய்விடும், மார்க்கர் வெயிலில் சில மாதங்களில் வெளிறும், வர்ணத்தால் எழுதினால் முகப்பு பழுது. தடித்த அலுமினியத் தகட்டை ஓரங்குல அகலத் துண்டுகளாக வெட்டி, ஆணி முனையால் எழுத்தைக் குத்திப் பதித்து, மரத்தின் வெளியே தெரியாத முகத்தில் சின்னச் செப்பாணியால் அடியுங்கள். தகடு எப்போதும் ஒரே முனையில் இருக்க வேண்டும். நீளவாட்டு வளைக்கு வடக்கு அல்லது மேற்கு முனை, கைமரத்துக்கு முகட்டு முனை. அப்போதுதான் மரத்தைக் கையில் எடுத்தவுடன் எந்தப் பக்கம் எங்கே போகும் என்று தெரியும். சுவருக்குள் புதையும் துண்டுகளுக்கு மட்டும் செப்புத் தகடு. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும்.

பொருத்துகளைத் திறக்கும்போது பழைய தச்சர் உளியால் இட்ட கோடுகளோ புள்ளிகளோ தென்படலாம். அவர்களும் நிலத்தில் பொருத்திப் பார்த்து, இலக்கமிட்டு, மேலே ஏற்றியவர்கள்தான். அந்தக் குறியைப் பதிவேட்டில் வரைந்து வையுங்கள். உங்கள் இலக்கத்தில் பிழை வந்தால் அதுதான் காப்பாற்றும்.

பிரிக்கும் ஒழுங்கு

தை மாதத்தில் மழை ஓய்ந்தபின், மாசி பங்குனிக்குள் பிரித்து முடிப்பது உசிதம். மின்சாரத்தைத் துண்டித்து, சீலிங் பலகையை இறக்கிவிட்டு, ஓட்டில் ஏறுங்கள்.

மங்களூர், கள்ளிக்கோட்டை ஓடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15 பிடிக்கும். 2000 சதுர அடிக் கூரையில் 2800 ஓடு, ஏறத்தாழ ஏழு தொன். இந்தப் பாரத்தை ஒரு சாய்விலிருந்து மட்டும் இறக்கினால் மறு சாய்வு முகட்டைத் தள்ளும், சாய்ந்த கூரை வளையைப் பிடுங்கும். முகட்டோட்டை எடுத்தபின், இரண்டு சாய்விலும் மூன்று வரிசை, மூன்று வரிசையாகச் சமமாகக் குறைத்து வாருங்கள். ஓட்டை எறிந்து பிடிக்கும் பழக்கம் வேண்டாம். சாய்த்த பலகையில் சாக்கு விரித்து வழுக்கிவிடலாம். அடுக்கும்போது படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நாலு வரிசை உயரத்துக்கு மேல் போகாமல், இடையே வைக்கோல் வையுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து உடையும் என்றே கணக்கு வையுங்கள். பீலி ஓட்டில் இழப்பு இன்னும் கூட.

ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் தொழிற்சாலை முத்திரை இருக்கும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் மேற்குக் கரையெங்கும் பல சூளைகள் வந்தன. ஒருவரின் ஓட்டுப் பள்ளம் இன்னொருவரின் ஓட்டில் சரியாகக் கவ்வாது. ஆகவே மாற்று ஓடு தேடும்போது முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். போதாமல் போனால் வேறு ஓட்டைப் பின்பக்க வெளிச்சாய்வு ஒன்றுக்கு மட்டும் முழுதாகப் போடலாம். கலந்து போட்ட கூரை ஒழுகும்.

அடுத்தது சிலாகை (ஓடு தங்கும் குறுக்குச் சட்டம்), கைமரம், முகட்டு வளை, தீராந்தி (சுவருக்குச் சுவர் போகும் குறுக்கு மரம்), சுவர் வளை என்ற ஒழுங்கு. பழைய ஆணியை அலவாங்கால் நேரே நெம்பினால் மரத்தின் விளிம்பு நசுங்கும். அடியில் ஒரு மரக்கட்டை கொடுங்கள். துருவேறி அசையாத ஆணியைப் பொருத்தின் இடைவெளியில் இரும்பறுக்கும் வாளலகை விட்டு அறுப்பது நல்லது. 9 அங்குலம் அகலம், 6 அங்குலம் கனம், 18 அடி நீளமுள்ள பாலை வளை 190 கிலோவுக்குக் குறையாது. நாலு பேர் தோளில் வாங்கும் பாரம் அல்ல அது. மூன்று கால் கட்டிச் சங்கிலிக் கப்பி வையுங்கள்.

மிகப் பெரிய சேதம் நடக்கும் இடம் கதவு நிலை. நிலையின் மேற்கட்டையும் கீழ்க்கட்டையும் இரண்டு பக்கமும் ஐந்தாறு அங்குலம் நீண்டு காதுபோலச் சுவருக்குள் போயிருக்கும். அவசரப்படும் ஆட்கள் அந்தக் காதை வாளால் அறுத்துவிட்டு நிலையை வெளியே இழுப்பார்கள். பிறகு அந்த நிலை சுவரில் நிற்காது, காலம் முழுக்க ஆடும். நிலையைச் சுற்றிக் கல்லைக் கழற்றுங்கள், நிலை தானாக வரும். கழற்ற முன் குறுக்காக இரண்டு சட்டம் அடித்து, அடிப்பக்கமும் ஒரு சட்டம் கொடுத்தால் மூலைமட்டம் கலையாது. பிணைச்சல், தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ் எல்லாம் இலக்கமிட்ட துணிப்பையில் அந்தந்தக் கதவோடேயே போகட்டும்.

பூப்போட்ட தரைக்கல் சுண்ணாம்புப் படுக்கையில் இருந்தால் ஓரத்துக் கல்லொன்றை உடைத்துவிட்டு, மற்றவற்றின் அடியில் தட்டைப் பட்டையை விட்டு இலகுவாகக் கிளப்பலாம். சீமெந்துப் படுக்கையென்றால் பாதிகூட மிஞ்சாது. சுவர்க்கல்லில் மூலைக்கும் நிலைப்பக்கத்துக்கும் செதுக்கிய கற்களைத் தனியாகவும் மற்றதைக் குவியலாகவும் வையுங்கள். முருகைக்கல்லைக் கடலில் எடுப்பது சட்டப்படி தடை. ஆகவே இடிபட்ட கல்லில் ஒரு கடகமும் வீண்போகக்கூடாது. அதில் உப்பு ஊறியிருந்தால் ஒரு மாரி மழையில் வெளியே கிடக்கவிடுங்கள், நன்றாகக் கழுவுப்படும்.

மரத்தைச் சோதித்தலும் ஒட்டுதலும்

இறக்கிய மரத்தை முதலில் ஒழுங்காக அடுக்க வேண்டும். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சீமெந்துக் கல் வரிசை. அதன்மேல் மரம், இரண்டடிக்கொரு ஓரங்குல இடைச்சட்டம். சட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் வளையும். மேலே தகரம், பக்கம் காற்றோட்டமாகத் திறந்திருக்கட்டும். தறப்பாளால் இறுக மூடிய மரம் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துப்போகும்.

யாழ்ப்பாணத்தில் பழைய மரத்தை அறுக்க முன் ஒரு வேலை கட்டாயம்: உலோகங்காணியால் முழு நீளமும் பார்க்க வேண்டும். சன்னமும் எறிகணைச் சிதறலும் மரத்துக்குள் மூடிக் கிடக்கும். வாள் பல்லில் பட்டால் பட்டறையில் ஆளுக்கே ஆபத்து.

சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் ஊசியுளியால் குத்திப் பாருங்கள். பனையில் வெளி வைரம் கல்லுப்போல இருந்தாலும் உள்ளே சோற்றி (மென்மையான நடுப்பகுதி) போயிருக்கலாம். அறுத்த முனையைப் பார்த்தால் தெரியும். பொதுவாக உக்குவது சுவருக்குள் இருந்த முனையும் ஒழுக்கின் கீழிருந்த துண்டும்தான், நடு உடல் நன்றாக இருக்கும். முழு மரத்தை மாற்றாமல் உக்கிய முனையை மட்டும் வெட்டி, அதே இனப் பழைய மரத்தால் சரிவொட்டு போடுங்கள். சரிவின் நீளம் மரத்தின் ஆழத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்க வேண்டும். குறுகிய ஒட்டு பாரத்தில் திறக்கும். மரமுளை அல்லது துருப்பிடிக்காத போல்ட் இரண்டு போதும். முதிரைக்கு முதிரை, வேம்புக்கு வேம்பு. புது மரம் சேர்த்தால் அதன் வெளியே தெரியாத முகத்தில் ஆண்டைக் குத்தி வையுங்கள். பனை புதிதாகத் தறிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

உளுக்கும் கறையானுக்கும் 100 லீற்றர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரம், 2 கிலோ போரிக் அமிலம். சூடான நீரில் முதலில் கரைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரிகையால் தடவுவதைவிட, நிலத்தில் கிடங்கு வெட்டித் தடித்த பொலித்தீன் விரித்து ஊறவைப்பது பலமடங்கு பலன் தரும். இந்த மருந்து நீரில் கரைந்து போகக்கூடியது, ஆகவே கூரை ஒழுகினால் பயனில்லை. வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாக இரண்டு தரம் போதும்.

அத்திவாரமும் முற்றத்து நீரும்

வலிகாமத்துச் செம்மண்ணில் சில அடியிலேயே சுண்ணக்கல் வந்துவிடும். கல் வந்துவிட்டதென்று நிம்மதியடைய வேண்டாம். நிலாவரைக் கிணற்றை உண்டாக்கிய அதே பொள்ளல்கள் எங்கும் உண்டு. இரண்டடிக்கொரு தடவை அலவாங்கால் ஓங்கிக் குத்துங்கள். வெறுமையாக ஒலித்தால் உடைத்துப் பார்த்து நிரப்ப வேண்டும். வடமராட்சி கிழக்கு மணலிலோ அத்திவாரத்தின் அகலத்தைச் சுவரின் அகலத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் எடுங்கள்.

அத்திவாரத்தில் சீமெந்து பாவிப்பதில் குற்றமில்லை. பழைய வீட்டில் இல்லாத ஒரு நன்மையைச் சேர்க்க இதுவே ஒரே சந்தர்ப்பம்: தளமட்டத்தில் ஈரத்தடுப்புப் படை. தார்ப்படை விரிப்போ தடித்த பொலித்தீனோ சுவரின் முழு அகலத்துக்கும் ஒட்டின்றிப் போக வேண்டும். இதற்குக் கீழே சீமெந்து, மேலே சுண்ணாம்பு. மரத்தூணின் அடியை ஒருபோதும் கொங்கிறீற்றில் புதைக்காதீர்கள், நீர் தேங்கி உக்கும். பழைய அடிக்கல்லிலேயே குடுமி நிற்கட்டும்.

முற்றத்து வடிகால் பலரும் பின்னுக்குத் தள்ளும் வேலை. 100 சதுர மீற்றர் உட்சாய்வில் மணிக்கு 100 மில்லிமீற்றர் மழை கொட்டினால் மணிக்கு 10,000 லீற்றர் முற்றத்தில் இறங்கும். 80 அடிக்கு ஓரடி சரிவில் போட்ட நாலங்குலக் குழாய் ஒன்றே அதைக் கொண்டுபோகும். ஆனால் ஒரு வேப்பஞ்சருகுக் கொத்து அதை அடைத்துவிடும், ஆகவே இரண்டு போடுங்கள், வெவ்வேறு மூலையில். நீரை வீதிக்கு விடாமல் வளவிலேயே கல் நிரப்பிய கிடங்கில் இறக்கினால் கிணற்றுக்கும் நல்லது. மலக்குழியை அதற்குக் கிட்ட வைக்க வேண்டாம்.

சுண்ணாம்பு

முருகைக்கல் சுவரைச் சீமெந்தால் பூசிய வீடுகளைப் பாருங்கள். இரண்டடி உயரம் வரை உவர் பூத்து, சாந்து தகடு தகடாகக் கழன்றிருக்கும். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உள்ளே உப்போடு நிற்கும், உப்புப் படிகம் கல்லையே பொடியாக்கும். சுண்ணாம்பு மூச்சுவிடும், அதனால்தான் அது வேண்டும்.

பழைய சாந்தின் கலவையை அறிய அமிலத்தில் கரைத்து மிஞ்சும் மணலை நிறுப்பது பொதுவான முறை. இங்கே அது ஏமாற்றும். எங்கள் பழைய சாந்தில் மணலோடு சிப்பித் தூளும் முருகைத் தூளும் கலந்திருக்கும், அவையும் கரைந்துவிடும். சுண்ணாம்பு மிகக்கூட இருந்ததுபோலக் கணக்கு வரும். முதலில் உருப்பெருக்கியால் உடைந்த முகத்தைப் பாருங்கள்.

சுட்ட சுண்ணாம்பு கிடைத்தால், தண்ணீர் நிறைந்த தொட்டியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்ட நிற்க வேண்டாம். நீறிய பாலை 2 மில்லிமீற்றர் வலையில் அரித்துக் கிடங்கில் விட்டு, மேலே இரண்டங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க, சுவருக்கு மூன்று வாரமாவது, பூச்சுக்கு மூன்று மாதமாவது கிடக்கட்டும். நீறாத துணுக்கு பூச்சுக்குள் போனால் மாதக் கணக்கில் கழித்து நீறிப் பொங்கிக் குழி விழுத்தும். கடைப் பையில் வரும் நீற்றிய தூளென்றால் வாங்க முன் சிறிதை எடுத்து வினாகிரி விடுங்கள். பலமாகப் பொங்கினால் காற்றுப் பட்டு ஏற்கெனவே கல்லாகிவிட்ட சரக்கு அது.

மணல் ஆற்று அல்லது மேட்டு மணல், அனுமதியோடு வந்தது. கடற்கரை மணலில் உப்பு உண்டு. கலக்கும் தண்ணீரும் நன்னீராக இருக்கட்டும், உவர்க்கிணற்று நீர் உதவாது. சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்குழைவு, மூன்று பங்கு மணல். முதற்பூச்சும் அதே கலவை, 10 முதல் 12 மில்லிமீற்றர் கனம். கடைசிப் பூச்சுக்கு ஒன்றுக்கு ஒன்று, அரித்த மெல்லிய மணலில், 3 மில்லிமீற்றர். கருப்பநீரும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்ப்பது பழைய கைமுறை. சிறிதளவில் குழைவை இளக்கும்; கூடினால் இனிப்புச் சாந்தை இறுகவிடாது, எறும்பும் வரும். ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுப்புதல்

சுவர் கட்ட முன் கூரைச் சட்டகத்தை நிலத்தில் ஒருமுறை கோத்துப் பாருங்கள். பொருந்தாத ஒட்டைக் கீழே வைத்துத் திருத்த அரை நாள், மேலே போனபின் ஒரு வாரம்.

நிலைகளைத் தூக்குநூலில் நிறுத்தி முட்டுக்கொடுத்து, சுவர் அவற்றின் காதுகளைச் சுற்றி எழட்டும். கல்லை நனைத்துப் போடுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், சாந்து தூளாகும். சுவரின் முழுத் தடிப்புக்கும் போகும் கட்டுக்கல் நீளவாட்டில் மூன்றடிக்கொன்று, உயரத்தில் இரண்டடிக்கொன்று வேண்டும். இல்லாவிட்டால் உள்முகமும் வெளிமுகமும் பிரிந்து நடுவில் வயிறு தள்ளும். ஒரு நாளில் இரண்டடிக்கு மேல் உயர்த்தாதீர்கள், மறுநாள் அடுத்த பக்கம். நிலை வைக்கவும் குடிபுகவும் நாள் வைத்துவிட்டு அதற்கேற்பச் சுவரை ஓட்டுவது இங்கே வழக்கம். சுண்ணாம்பு அந்த அவசரத்துக்கு வராது. வேலை முடிந்தபின் நாள் பார்க்கட்டும்.

சித்திரை முதல் ஆனி வரை சுவர், ஆடி ஆவணியில் கூரைமரம், புரட்டாதிக்குள் ஓடு. சிலாகை இடைவெளியைப் பழைய பதிவிலிருந்தே எடுங்கள். கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 12½ அங்குலம் வரும் என்றாலும் சூளைக்குச் சூளை அரையங்குலம் மாறும். ஏற்றும்போதும் இரண்டு சாய்விலும் சமமாக. தாழ்வார வரிசையையும் முகட்டோரத்தையும் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள், புயல் முதலில் பிடுங்குவது அவற்றைத்தான். உட்சாய்வுகள் சந்திக்கும் நாலு மூலைகளிலும் போகும் பீலிக்கு 24 கேஜ் நாகமுலாம் தகடு, இரண்டடி அகலம், விளிம்புகள் ஓரங்குலம் மடித்து, ஒன்றின்மேலொன்று ஆறங்குலம் ஏறியிருக்க வேண்டும். நாற்சார் வீடு ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான்.

பூச்சை அந்த ஆண்டில் தொடங்காதீர்கள். கூரையின் கீழ்ச் சுவர் ஒரு மாரியைக் கடக்கட்டும். வெளிமுகத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டினால் போதும். தை பிறந்தபின் பூசத் தொடங்கி, சோளகம் வலுக்க முன் வெளிப்பூச்சை முடித்துவிட வேண்டும். அந்த வறண்ட காற்று ஒரே பகலில் பூச்சை வெடிக்கவைக்கும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் நனைத்துவாருங்கள். மேலே வெள்ளையடிப்பு பால்போல மெல்லிதாக, நாளுக்கொரு தடவையாக ஐந்தாறு தடவை. தடிப்பாக அடித்தால் உரியும். இமல்ஷன் வர்ணமும் கடைப் புட்டியும் இவ்வளவு உழைப்பையும் மூடி அடைத்துவிடும். மின்கம்பியைச் சுவரில் காடி வெட்டிப் புதைக்காமல் சுவர் வளையின் மேலால் கொண்டுபோங்கள். குளியலறை வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கட்டும்.

இரண்டு ஆண்டு ஆகும். ஒன்றில் முடித்துத் தருகிறேன் என்பவர் சுண்ணாம்புக்குள் சீமெந்து கலப்பார்.

இவ்வளவுக்கும் ஆளும் பணமும் இல்லையென்றால் வீட்டின் சங்கடப்படலையை (கூரையிட்ட வளவு வாசலை) மட்டும் பெயர்த்துப் பழகலாம். நாலு தூண், சின்ன ஓட்டுக் கூரை, இரண்டு திண்ணை. மேலே சொன்ன எல்லா வேலையும் சிறிதளவில் அதற்குள் இருக்கிறது.

முதல் மாரியில் பெருமழை பெய்யும்போதே கூரையின் கீழ் ரோர்ச்சோடு நின்று ஒழுக்குகளை வெண்கட்டியால் குறியுங்கள். மழை விட்டபின் தேடினால் இடம் பிடிபடாது. சுவரில் மயிரளவு வெடிப்பு வந்தால் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டி நாளை எழுதிவையுங்கள். அது உடையாமல் ஒரு வருடம் இருந்தால் சுவர் அமர்ந்துவிட்டது, வெடிப்பைச் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம். உடைந்தால் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புரட்டாதியிலும் பீலியையும் முற்றத்துக் குழாய்களையும் சருகு வழித்து, தூணடிகளைச் சுற்றிக் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.